கேமராவுக்குக் கீழே என் இடம்

கயல், நவின்,

தீபாவளிக்கு நீங்கள் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்தப் பழைய பாட்டு நிகழ்ச்சியின் முதல் நடனத்தைப் போனில் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டினீர்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நவின் கேட்ட கேள்வி அன்றிலிருந்து எனக்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது.

"செல்வி அத்தை இருக்காங்க, முனி மாமா இருக்காரு. நீங்க எங்கப்பா? ஆடுனேன் ஆடுனேன்னு சொன்னதெல்லாம் சும்மாவா?"

கயல் அதற்கு மேல் ஒன்று சொன்னாள். "அலாமாக், எல்லாரும் கேமராவ விட்டுட்டு அதுக்குக் கீழ பாக்குறாங்க பாருங்க. அங்க என்ன, பாம்பா கிடந்துச்சு?"

எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிற மாதிரி எழுந்துபோனேன். அந்த இடத்தில் பாம்பு இல்லை, பிள்ளைகளே. நான்தான் இருந்தேன். மேடையில் ஆடிய எட்டுப் பேரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அப்பாவுக்கு டிவி நிகழ்ச்சியில் வேலை, ஆடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்ற அளவில்தான் உங்களுக்குத் தெரியும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், நேரம் இருக்கிறது. படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் எழுதுவது, முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஆடக் கற்றுக்கொண்டது பண்டார் தெங்காரா பக்கத்துத் தோட்டத்தில். சுற்றிலும் செம்பனை. தோட்டத்து மண்டபத்தில் ஒரு டிவி, ஒரு வீடியோ பெட்டி. யாராவது புதுப்பட கேசட் கொண்டுவந்தால் போதும், நானும், என் தங்கை செல்வியும், முனியாண்டியும், அவன் மாமன் மகள் தேவகியும் டிவிக்கு முன்னால் வரிசையாக நின்றுவிடுவோம். சிங்கப்பூர் சேனல் தெளிவாகக் கிடைக்கிற நாளில் அதில் வருகிற நடனத்தையும் விடமாட்டோம். எங்களுக்கு மாஸ்டர் என்று யாரும் கிடையாது. டிவிதான் மாஸ்டர். திருவிழா மேடை, கல்யாணம், தோட்டத்துப் பொங்கல் என்று ஆடி ஆடி, நாலு பேரும் ஒரே ஆள் மாதிரி ஆடுவோம். எங்கே போனாலும் கைதட்டல்தான். அப்போது நானும் செல்வியும் செனாயில் எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை பார்த்தோம். பேக்டரி பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூட அவள் கால் சும்மா நிற்காது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு தனியார் நிறுவனம் தமிழ்ப் பாட்டு நிகழ்ச்சி ஒன்றை டிவிக்குத் தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்தது. வாரா வாரம் பாடகர்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு நிரந்தர நடனக்குழு. மூவாரில் மூடிக்கிடந்த ஒரு நாற்காலி மேசைக் கிடங்கை எடுத்து ஸ்டூடியோவாக மாற்றியிருந்தார்கள். எங்களைத் திருவிழா மேடையில் பார்த்த ஒருவர் சொல்லி, எங்கள் நாலு பேரையும் கூப்பிட்டார்கள். ஜோகூர் பாருவில் ஒரு நாட்டியப் பள்ளியிலிருந்து நாலு பேர். ஆக எட்டுப் பேர்.

உங்கள் தாத்தா செம்பனைக் குலை வெட்டுகிறவர். அண்ணாந்தே வேலை பார்த்து, கீழே இருக்கிற மனிதர்களோடு அதிகம் பேசாதவர். மகள் ஆடுவது அவருக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் ஊர்ப் பேச்சுக்குப் பயம். ஸ்டூடியோ அனுப்பிய வேனில் ஏறப்போகிற முதல் ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று சொன்னார்.

"டிவியில வந்தியா, ஆடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அங்க போயி வேணாம்னு அனுப்பிட்டாங்கன்னா இதோட நிப்பாட்டிக்கணும். அப்புறம் கோயில் மேடை, கல்யாண மேடைன்னு எங்கயும் ஏறக் கூடாது. சரியா?"

செல்வி சட்டென்று, "சரிப்பா" என்றாள். அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. எங்கள் நாலு பேரில் அவள்தான் நல்ல ஆட்டக்காரி. எனக்கும் நம்பிக்கைதான்.

கிடங்குக்குள் போனால் இன்னும் வார்னிஷ் வாசனை. பலகைகளை அடுக்கி ஆணி அடித்து மேடை மாதிரி செய்திருந்தார்கள். தரையில் ஒவ்வொருவருக்கும் வெள்ளை டேப்பில் பெருக்கல் குறி மாதிரி ஒட்டி, அதன் மேல் பெயர் எழுதியிருந்தது. அதற்குப் பெயர் மார்க். இரண்டாவது வரிசையில் ஓரத்தில் 'சேகர்' என்று இருந்தது. அதன் மேல் போய் நின்றபோது எனக்குக் கிடைத்த பெருமையை எப்படிச் சொல்வது! பள்ளிக்கூட டீச்சருக்குப் பிறகு என் பெயரை வேறு ஒருவர் எழுதியிருந்ததை அங்கேதான் பார்த்தேன்.

நடனத்துக்குப் பொறுப்பு, அந்த நாட்டியப் பள்ளியை நடத்துகிற பத்மா மிஸ். பருத்திச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, காலில் கேன்வாஸ் சப்பாத்து. சத்தம் போடவே மாட்டார். யாராவது தப்புச் செய்தால் கையைத் தட்டிப் பாட்டை நிறுத்திவிட்டு, "தண்ணி குடிங்க" என்பார். அவ்வளவுதான். அவர் சொல்கிற குரலிலேயே எங்கள் முகம் சுருங்கிவிடும். போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து ஆட வேண்டும்.

முதல் நாள் பாட்டைப் போட்டார்கள். மிஸ் எங்களைப் பார்த்து நின்று ஒரு சுற்று ஆடிக் காட்டினார். நாங்கள் எட்டுப் பேரும் ஆரம்பித்தோம். மூன்றாவது அடியில் நாட்டியப் பள்ளி ஆட்கள் வலப்பக்கம் திரும்பினார்கள், நாங்கள் நாலு பேரும் இடப்பக்கம் திரும்பினோம். முனியும் ஒரு ஜோகூர் பாரு பையனும் முகத்தோடு முகம் மோதிக்கொண்டார்கள். முனிக்கு உதடு கிழிந்து ரத்தம்.

"தண்ணி குடிங்க" என்றார் மிஸ்.

மறுபடியும் ஆடினோம். மறுபடியும் அதே இடத்தில் அதே மோதல்.

"ஜோகூர் பாருல டிராபிக் ஜாஸ்தி லா மிஸ், அவங்க சிக்னல் போடாம திரும்புறாங்க" என்றான் முனி. யாரும் சிரிக்கவில்லை.

மிஸ் என் முன்னால் வந்து நின்று தன் வலது கையைத் தூக்கினார். "இதைச் செய்."

நான் இடது கையைத் தூக்கினேன்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"டிவிய பாத்துதான் மிஸ்."

அவர் என் பக்கத்தில் வந்து, நான் பார்க்கிற பக்கமே பார்த்து நின்று, மறுபடியும் வலது கையைத் தூக்கினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. டிவிக்குள் இருக்கிறவன் நம்மைப் பார்த்து நிற்கிறான். அவனுடைய வலது கை நம் இடப்பக்கம் இருக்கிறது. நாங்கள் கண்ணாடியில் முகம் பார்க்கிற மாதிரி அவனைப் பார்த்துப் பார்த்து, பத்து வயதிலிருந்து எல்லா நடனத்தையும் இடம் வலமாக மாற்றியே ஆடி வந்திருக்கிறோம். நாலு பேரும் ஒரே மாதிரி மாற்றி ஆடியதால் எந்த மேடையிலும் யாருக்கும் தெரியவில்லை. கைதட்டினவர்களுக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

தயாரிப்பாளரை நாங்கள் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கெட்டவர் இல்லை. ஆனால் வாடகை ஸ்டூடியோ, வாடகை கேமரா, குறித்த தேதி. அவர் மிஸ்ஸிடம் எங்கள் காதுபடவே சொன்னார்: "ரெக்கார்டிங்க தள்ளிப்போட முடியாது மிஸ். உங்க ஸ்கூல்ல இன்னும் ஆளுங்க இருக்காங்கதானே? யார் மாறலையோ அவங்கள அனுப்பிட்டு ஆள் போட்டுக்குங்க."

"மாறிடுவாங்க" என்றார் மிஸ். எங்களை முதல்முறையாகப் பார்த்த ஒரு மனுஷி எங்களுக்காக அப்படிச் சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

வேனில் திரும்பும்போது மாறித்தான் ஆக வேண்டும் என்று நாலு பேரும் முடிவு செய்துகொண்டோம். முனி வலது காலில் மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு பழகினான். "எந்தக் கால்னு மூளைக்குத் தெரியலன்னாலும் செருப்புக்குத் தெரியும்" என்பான். தேவகி வலது கையில் சிவப்பு ரிப்பன் கட்டிக்கொண்டாள். நான் பேக்டரியில் பெட்டி தூக்கித் திரும்பும்போதெல்லாம் வலப்பக்கமே திரும்பினேன். சூப்பர்வைசர் சீனர். "ஐயோ, இவனுக்கு என்னாச்சு?" என்று மலாயில் கேட்டார். கழுத்துப் பிடிப்பு என்று சொன்னேன்.

நாங்கள் மூன்று பேரும் மெல்ல மெல்ல மாறிவிட்டோம். செல்விக்கு மட்டும் வரவில்லை.

வரவில்லை என்றால் கால் வரவில்லை என்று அர்த்தமில்லை. யோசித்து யோசித்து வலப்பக்கம் வைத்துவிடுவாள். அடுத்த ஞாயிறு ஒத்திகையில் ஒரு மோதலும் இல்லாமல் பாட்டு முடிந்தது. நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டு மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தோம்.

"தண்ணி குடிங்க" என்றார். பிறகு செல்வியை மட்டும் நிறுத்தி, "கால் எல்லாம் சரியா இருக்கும்மா. முகம்தான் ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு" என்றார்.

உண்மைதான். ஆடும்போது அவள் முகத்தில் வருகிற வெளிச்சத்துக்காகத்தான் எங்களையே கூப்பிட்டார்கள். இப்போது அந்த முகம் உள்ளே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பாஸ் மானிட்டரில் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "முன்வரிசையில இப்படி ஒரு முகம் வேணாம் மிஸ். வேற பிள்ளைய நிறுத்துங்க."

"சனிக்கிழமை வரைக்கும் குடுங்க. அன்னைக்குப் பாத்துட்டுச் சொல்றேன்."

வீட்டுக்கு வந்து செல்வி எங்கள் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "ண்ணே, நான் நின்னுக்கிறேன். எனக்கு வலது காலு வேற யாரோட காலோ மாதிரி இருக்கு" என்றாள்.

"நின்னுக்கிட்டா அப்பாகிட்ட என்ன சொல்லுவ?"

"நிப்பாட்டிட்டேன்னு சொல்லுவேன்."

"கோயில் மேடை?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இது நடக்கக் கூடாது என்று நான் அப்போதே தீர்மானித்துவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்க வேலை முடிந்து வந்ததும் மண்டபத்துக்குப் போய்விடுவோம். நான் அவளுக்குப் பக்கத்தில் நின்று ஆடிக் காட்டினேன், முதுகைக் காட்டி முன்னால் நின்று ஆடிக் காட்டினேன். கால் வரும், முகம் வராது. வியாழக்கிழமை எனக்கு ஓவர்டைம் வேறு. கண் சொருகுகிறது. அவள் முன்னால் போய் நின்று, "வா, என்னையப் பாத்து ஆடு" என்றேன். பாட்டு ஓடியது. அசதியில் என் உடம்பு பழைய பழக்கத்துக்கே போய்விட்டது. எல்லாவற்றையும் இடப்பக்கமாக ஆடிக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டில்தான் எனக்கே உறைத்தது. நிறுத்தலாம் என்று செல்வியைப் பார்த்தேன்.

சிரித்துக்கொண்டே ஆடிக்கொண்டிருந்தாள். பழைய முகம். என் இடது கையைப் பார்த்துக் கண்ணாடி மாதிரி அவள் தூக்கியது அவளுடைய வலது கை. நான் தப்பாக ஆடினேன், அவள் சரியாக ஆடினாள்.

நான் நிறுத்தவில்லை. பாட்டு முடிகிறவரை தப்பாகவே ஆடினேன்.

"ண்ணே, இப்ப எந்தப் பக்கம் ஆடுனேன்?" என்று கேட்டாள். அவளுக்கே தெரியவில்லை. யோசிக்கவே இல்லை அவள்.

சனிக்கிழமை மூவாரில் மிஸ் முன்னால் அதைச் செய்து காட்டினோம். நான் மேடைக்குக் கீழே நின்று இடப்பக்கமாக ஆடினேன். செல்வி மேலே நின்று என்னைப் பார்த்து ஆடினாள். பாட்டு முடிந்ததும் நாங்கள் பழக்கத்தில் தண்ணீர்ப் பக்கம் நடந்தோம்.

"தண்ணி வேணாம்" என்றார் மிஸ்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வரும் என்று நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. முனி நெஞ்சில் கை வைத்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டான். ஆனால் மிஸ் உடனே அடுத்த கேள்வியைக் கேட்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

"நாளைக்கு ரெக்கார்டிங். அப்ப யாரு இவ முன்னாடி நிக்கிறது?"

"நான் நிக்கிறேன் மிஸ். கேமராவுக்குக் கீழ."

"அப்ப உன் மார்க்குல?"

"உங்க ஸ்கூல்ல ஒரு பையன் ரெடியா இருக்கான்ல மிஸ்."

செல்வி மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். "ண்ணே, எனக்காக நீங்க ஒண்ணும் கீழ நிக்க வேணாம். ரெண்டு பேரும் சேந்துதானே வந்தோம்?"

"நாலு பேரா வந்தோம், நாலு பேரா போவோம்னுதான் பேச்சு" என்று முனியும் சேர்ந்துகொண்டான். "தோட்டம் பூரா சொல்லி வச்சிருக்கு. உன்னைய டிவியில காணலன்னா எங்கள உரிச்சிடுவாங்க."

"செல்விய காணலன்னா அவ ஆட்டம் முடிஞ்சிரும். என்னைய காணலன்னா நாலு பேரு கேப்பாங்க, அவ்வளவுதான். எது பெருசு?"

மிஸ் என் பக்கம் திரும்பினார். "இந்த ஒரு பாட்டுக்குத்தான். உன் மார்க்க நான் எடுக்க மாட்டேன்" என்றார்.

மறுநாள் காலையில் எல்லாரும் மூவார் வழக்கப்படி சாத்தே பசியாறிவிட்டு வந்தார்கள். காலையிலேயே யார் இறைச்சிக் குச்சி சாப்பிடுவார்கள் என்று முதல் வாரம் கேலி செய்த முனிதான் அன்று அதிகம் சாப்பிட்டவன்.

ரெக்கார்டிங் ஆரம்பித்ததும் ஒரு சிக்கல். நடுக் கேமராவின் உயரம் குறைவு. நான் நிமிர்ந்து நின்றால் என் தலை படத்துக்குள் வந்துவிடும். "தலை! தலை!" என்று கேமராக்காரர் கத்தினார். குனிந்தேன். "இன்னும் தலை!" மண்டியிட்டால் செல்விக்கு என் கால் தெரியாது. மிஸ் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "அரைமண்டி தெரியுமா? முட்டிய வெளிய விரிச்சு, பாதி உக்காரு. முதுகு நேரா. அப்படியே ஆடு."

நாட்டியப் பள்ளியில் பிள்ளைகள் முதலில் பழகுகிற நிலை அது. நான் அன்றுதான், கேமராவுக்குக் கீழே, முதல்முறையாக உட்கார்ந்தேன். பாட்டு முழுவதும் எழவில்லை. முதல் தடவை பாடகர் வாயசைப்பைத் தவறவிட்டார். இரண்டாவது தடவை விளக்கு ஒன்று அணைந்தது. என் தொடை நெருப்பாக எரிந்தது. மூன்றாவது தடவை பாட்டு ஆரம்பிக்கும்போது செல்வி மேலிருந்து என்னைப் பார்த்து, போதும் என்கிற மாதிரிக் கண்ணைக் காட்டினாள். நான் இடது கையைத் தூக்கினேன். அவள் வலது கை எழுந்தது.

அந்த ஆட்டத்தைத்தான் நீங்கள் போனில் பார்த்தீர்கள்.

பாட்டு பாதி போனபோது நான் ஒன்றைக் கவனித்தேன். செல்வி மட்டும் இல்லை, முனியின் கண், தேவகியின் கண், பள்ளிக்கூட ஆட்களின் கண் எல்லாமே என் மேல் வந்துவிட்டன. தடுமாறுகிறவன் என்னைப் பார்த்துப் பிடித்துக்கொண்டான். எட்டுப் பேரின் கையும் ஒன்றாக எழுவதை நான் முழுசாகப் பார்த்தேன். இத்தனை வருடம் வரிசைக்குள் நின்று ஆடியபோது என் பக்கத்து ஆளின் தோளைத்தான் ஓரக்கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பாஸ் மானிட்டரைப் பார்த்துவிட்டு, "பார்வை கொஞ்சம் கீழ இருக்கே" என்றார்.

"முகம்?" என்று கேட்டார் மிஸ்.

"முகம் இருக்கு. எல்லாருக்குமே இருக்கு."

"அப்ப விடுங்க."

நிகழ்ச்சி ஒளிபரப்பான அன்று தோட்டமே மண்டபத்தில் கூடிவிட்டது. செல்வி முன்வரிசையில் வந்ததும் ஒரே விசில். அப்பா கடைசி வரிசையில் நின்றுதான் பார்த்தார். பாட்டு முடிந்து கூட்டம் கலைந்த பிறகு என்னிடம் வந்தார்.

"நீ எங்கடா?"

"கேமராவுக்குக் கீழப்பா. அவங்க என்னையப் பாத்துதான் ஆடுறாங்க."

"உன்னைய யாரும் பாக்கலையே."

"எட்டுப் பேரு பாத்தாங்கப்பா."

அவர் செல்வியைப் பார்த்து, "ஞாயித்துக்கிழமை வேன் எத்தன மணிக்கு?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் ஆடுவதைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. உங்கள் அத்தை கல்யாணத்துக்குப் பிறகும் ஆடினாள், உங்களுக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு வேனை விட்டு இறங்கியதும் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "செல்வி இன்னும் கொஞ்ச நாள்ல தானாவே ஆடிடுவா. நீ வரிசைக்குத் திரும்பலாம். ஆனா இனிமே வாரா வாரம் புதுப் பாட்டு. பழக நேரம் கிடைக்காது. கீழ ஒரு ஆள் நின்னா எட்டுப் பேருக்கும் நல்லது. அந்த ஆளு டிவியில வர மாட்டான், பேரும் வராது. நீதான் சொல்லணும். பசியாறிட்டு வந்து சொல்லு."

சேகர் தியாகம் செய்தான் என்று முனி இப்போதும் கல்யாண வீடுகளில் கதை சொல்வான். நீங்கள் நம்பாதீர்கள். முதல் பாட்டு தங்கைக்காகத்தான். அதற்கு மேல் நான் அங்கே நின்றது எனக்காக. எட்டுப் பேரை ஒரே நேரத்தில் பார்த்த பிறகு வரிசையில் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டு வந்தது, போனது, ஆட்கள் மாறினார்கள், பாஸ் மாறினார், ஸ்டூடியோ ஜோகூர் பாருவுக்குப் போனது. கேமராவுக்குக் கீழே நான் நின்றேன். முட்டி தேய்ந்துதான் ஓய்வு பெற்றேன். கடைசி வருடங்களில் வந்த பிள்ளைகள் போனைப் பார்த்துப் பழகிவிட்டு வந்து, முதல் நாள் எங்களைப் போலவே இடப்பக்கம் திரும்பி மோதிக்கொண்டார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் வந்ததே இல்லை. "தண்ணி குடிங்க" என்று மட்டும் சொல்வேன்.

மிஸ் கேட்ட அந்த ஞாயிறு காலை எல்லாரும் சாத்தே சாப்பிடப் போனார்கள். "வா லா" என்று முனி கூப்பிட்டான். பிறகு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நான் கிடங்குக்குள் போனேன். விளக்கு போடவில்லை. கதவு வழியாக வந்த வெயில் மேடையின் பாதிவரை கிடந்தது. மிஸ் சொன்னபடி என் மார்க் இரண்டாவது வரிசை ஓரத்தில் அப்படியே இருந்தது. நகத்தால் அதன் நுனியை நெம்பி, பெயர் கிழியாமல், இரண்டு துண்டையும் மெதுவாக உரித்தேன். மேடையை விட்டு இறங்கி, நடுக் கேமராவின் காலுக்கு முன்னால் தரையைக் கைக்குட்டையால் துடைத்து, அங்கே ஒட்டினேன். ஒரு மூலை மரத்தூள் பட்டு எழும்பி எழும்பி வந்தது. அதன் மேல் குதிகாலை வைத்து, அது ஒட்டிக்கொள்கிறவரை அழுத்திக்கொண்டு நின்றேன்.